தூங்கிப்போன டிரம்மும் பத்து ரூபாய் பிடித்தமும்

போன ஐப்பசியில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். காந்தி ரோடு பக்கம் ஒரு மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு நேரத்துக்குச் சரியாக மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை காஞ்சிபுரத்துக்குப் புதிதா என்ன? ஆனால் வாசலில் நாசிக் டோல் அடிக்க வந்திருந்த பையன்கள் மழையைப் பற்றிக் கவலையே படவில்லை. நனைந்துகொண்டே அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் டோலின் மேல் நின்ற தண்ணீர் தெறித்து எழும்பியது. சத்தம் மட்டும் முதல் அடியில் எப்படி இருந்ததோ கடைசி அடியிலும் அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் தோல். அதற்கு வெயிலும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான்.

பக்கத்தில் நின்ற மருமகன், "மாமா, காதைப் பொத்திக்குங்க" என்றார். நான் பொத்திக்கொள்ளவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், இதே மாதிரி மழையில், சத்தமே எழும்பாமல் போன ஒரு டிரம்மை நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த டிரம்மைப் பற்றியும், அது எங்கிருந்து நம் ராஜவீதிக்கு வந்தது என்பதைப் பற்றியும், அதை அடித்தவருக்கு எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததைப் பற்றியும் இன்று எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களுக்குப் பேண்டு வாத்தியம் என்றால் விளக்கம் தேவையில்லை. எழுபதுகளில் கொஞ்சம் வசதியான கல்யாணம் என்றால் மண்டபத்துக்குள் நாதஸ்வரம், தெருவில் பேண்டு செட். மாப்பிள்ளைக்குத் திறந்த கார். இரண்டு பக்கமும் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு சுமந்து வருபவர்கள். முன்னால் சிவப்புச் சட்டையும் ஜரிகைப் பட்டை வைத்த தொப்பியுமாகப் பேண்டுக்காரர்கள். கிளாரினெட், டிரம்பெட், வயிற்றோடு அணைத்துப் பிடித்த யூபோனியம், சைடு டிரம், தாளம். எல்லோருக்கும் பின்னால், கழுத்தில் மாட்டிய வாருடன் பெரிய டிரம்.

அந்தப் பெரிய டிரம்மின் உருவத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பார்க்க மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி பெரிசு. ஆனால் ஆழம் இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் ஒல்லி. தவில் மாதிரி உருண்டு திரண்ட உடம்பு கிடையாது. இரண்டு பக்கமும் தோல், நடுவில் ஒட்டினாற்போல் ஒரு மரப்பட்டை வளையம், அவ்வளவுதான். வளையத்தில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். சிறுவர்களாக இருந்தபோது ஊர்வலத்தோடு நடந்து, அந்த ஓட்டைக்கு நேராக விரலை வைத்துப் பார்ப்போம். ஒவ்வோர் அடிக்கும் 'புஸ்' என்று காற்று விரலில் அடிக்கும். டிரம்காரர் கொட்டுக்குச்சியாலேயே எங்களை விரட்டுவார்.

கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் ஊர்வலம் கிளம்பினால் கிளாரினெட் கேட்காது, பாட்டு என்னவென்று தெரியாது, ஆனால் பெரிய டிரம் மட்டும் மூன்று தெரு தள்ளி எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிடும். கனத்த சத்தத்துக்கு அந்தக் குணம் உண்டு. மூலை முடுக்குகளில் வளைந்து வரும். மெல்லிய சத்தம் சுவரில் மோதி நின்றுவிடும். 'ஊர்வலம் கிளம்பிட்டுது' என்று சொல்வது எப்போதும் டிரம்தான்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

1972 ஐப்பசி. அக்கா கல்யாணம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பா தறிக்காரர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. எனக்கு அப்போது 19 வயது. பி.காம். படித்துக்கொண்டிருந்தேன் என்பதால் கல்யாணக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது. பச்சை அட்டை போட்ட அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பேண்டு செட்டுக்கு 80 ரூபாய் பேசி 20 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தோம். ஏழு பேர்.

அன்று மத்தியானத்திலிருந்தே தூறல். சாயங்காலம் பேண்டுக்காரர்கள் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பெரிய டிரம்காரருக்கு நாற்பது வயது இருக்கும். கோணிப்பையில் டிரம்மைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பையைப் பிரித்து, விரலால் தோலைச் சுண்டிப் பார்த்தார். முகம் மாறிற்று. நேராகச் சமையற்கட்டு வாசலுக்குப் போய், "அம்மா, ஒரு சட்டியில கொஞ்சம் கரி நெருப்பு குடுங்கம்மா, தோலைக் காய்ச்சிக்கிறேன்" என்று கேட்டார். உள்ளே இருந்தவர்கள் அவரை விரட்டாத குறைதான். "பந்தி நேரத்துல இங்க வந்து நிக்கிறியா? அந்தாண்ட போ." நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நெருப்பு கிடைத்திருக்கும். சொல்லவில்லை.

அவர் சத்திரத்துத் தாழ்வாரத்தில் பழைய செய்தித்தாளைக் கொளுத்திக் காய்ச்சிப் பார்த்தார். தாளும் ஈரம். புகைதான் வந்தது. அதற்குள் ஊர்வலத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

கிளாரினெட் நன்றாகத்தான் வாசித்தது. சைடு டிரம்மும் பரவாயில்லை. பெரிய டிரம்தான், 'தும்' என்று வர வேண்டிய இடத்தில் 'தொப்' என்றது. தலையணையைத் தட்டின மாதிரி. பத்தடி தாண்டினால் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னய்யா, டிரம் அடிக்கிறானா, மெத்தை தட்டுறானா?" என்றார். சிரிப்பு எழுந்தது. அப்பா முகத்தை நான் பார்த்தேன். விறுவிறுவென்று டிரம்காரரிடம் போய், "கயித்தை இழுத்துக் கட்டுடா" என்றார். அந்தக் காலத்தில் பேண்டுக்காரர்களை ஒருமையில் பேசுவதுதான் வழக்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டிய வழக்கம்.

டிரம்காரர், "வேணாம் ஐயா. தோல் தூங்கிடுச்சு. நெருப்பு இருந்தா எழுப்பிடுவேன். கயித்தை இழுக்கக் கூடாது" என்றார். சொன்னதைச் செய்யவில்லை என்று அப்பாவுக்குக் கோபம். ராத்திரி கணக்குத் தீர்க்கும்போது பாக்கி 60 ரூபாய்க்கு 50 ரூபாய்தான் எண்ணி வைத்தார். பேண்டு மாஸ்டர் கொஞ்சம் கெஞ்சிப் பார்த்தார். பிறகு திரும்பி டிரம்காரரைப் பார்த்தார். அந்தப் பத்து ரூபாய் யார் பங்கிலிருந்து போகும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நான் நோட்டில் எழுதினேன்: 'பேண்டு 70. பிடித்தம் 10.'

'பிடித்தம்' என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தறிக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். மழைக்காலம் வந்தால் எங்கள் குழித்தறியில் தண்ணீர் ஊறும். கால் வைத்து மிதிக்கிற பள்ளத்தில் கணுக்கால் அளவு ஈரம். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது, போட்டாலும் காயாது. தறியில் ஏற்றிய பாவு ஈரம் வாங்கித் தளரும். நெய்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சேலையில் எங்காவது ஒரு இடத்தில் ஊடை சீராக விழாது. கோர்வையில் கரையும் உடலும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும். சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலாளி வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார், ஒன்றும் பேச மாட்டார், கூலியில் பிடித்துக்கொண்டு கொடுப்பார். அந்த வருஷ ஐப்பசியிலேயே அப்பாவுக்கு அப்படி ஒரு பிடித்தம் நடந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "மழைக்கு நான் என்னடா பண்ணுவேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறது. அது நடந்து இரண்டு வாரத்தில்தான் அக்கா கல்யாணம்.

பின்னாளில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராகச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பட்டு எடை போடும் கணக்கில் ஒரு விதி உண்டு. பட்டு நூல் காற்றிலிருந்து ஈரம் வாங்கும், அதனால் உலர்ந்த எடையின் மேல் 11 சதவீதம் ஈரத்துக்கென்று சேர்த்துத்தான் அதன் எடையைக் கணக்கிட வேண்டும் என்பது உலகம் முழுவதும் பட்டு வியாபாரத்தில் ஒத்துக்கொண்ட கணக்கு. அதைப் படித்த அன்று எனக்கு டிரம்காரர் நினைவு வந்தது. பட்டு புழுவிலிருந்து வருகிறது, தோல் மாட்டிலிருந்தோ ஆட்டிலிருந்தோ வருகிறது. இரண்டுமே உயிர்ப்பொருள், இரண்டுமே புரதம். இரண்டுமே ஈரம் பட்டால் நீளும், காய்ந்தால் இறுகும். எங்கள் பாவு தளர்ந்த அதே காரணத்தால்தான் அவர் டிரம்மும் தளர்ந்தது.

அதிலும் ஒல்லி டிரம்முக்கு இந்தக் கஷ்டம் அதிகம். டிரம்மின் விட்டம் எவ்வளவு, தோல் எவ்வளவு இறுக்கம் என்பதுதான் குரல் கனமா மெலிசா என்று தீர்மானிப்பது. ஆழம் அந்தக் குரலுக்கு உடம்பு கொடுக்கிறது. ஆழமான டிரம்மில் உள்ளே நிறையக் காற்று இருக்கும். அடித்தால் சத்தம் உருண்டு நீளும். ஒல்லி டிரம்மில் ஒரு தோலை அடித்த கணமே நடுவில் உள்ள கொஞ்சம் காற்று மறுபக்கத் தோலைத் தள்ளிவிடும். சத்தம் சட்டென்று வரும், சட்டென்று போகும். நடைக்குத் தாளம் போட அதுதான் வேண்டும். ஆனால் அங்கே குரல் முழுக்கத் தோலை நம்பித்தான் இருக்கிறது. தோல் தூங்கினால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

இந்த டிரம் எங்கிருந்து வந்தது என்று ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தேன். மூதாதை துருக்கியில் இருக்கிறது. ஆட்டோமான் சுல்தான்களின் படையோடு மெஹ்தர் என்ற வாத்தியக் குழு போகும். அதில் ஒரு பெரிய இருமுக முரசு. ஒரு பக்கம் தடிக்குச்சி, மறுபக்கம் மெல்லிய குச்சி. அதற்கு அவர்கள் ஊர்ப் பெயர் தவுல். நம் தவிலை நினைவூட்டுகிற பெயர். தவிலுக்கும் இரண்டு முகத்தில் இரண்டு விதமான அடி. 1683இல் வியன்னா நகரை முற்றுகையிட்டுத் துருக்கியர் தோற்றுத் திரும்பினார்கள். ஆனால் அவர்கள் வாத்தியம் ஐரோப்பாவில் தங்கிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ராஜாக்கள் எல்லோரும் தங்கள் பட்டாளத்துக்கும் 'துருக்கி வாத்தியம்' வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். மோட்சார்ட் 1782இல் ஒரு இசை நாடகத்திலும், ஹைடன் 1794இல் தன் 'மிலிட்டரி' சிம்பொனியிலும், பீத்தோவன் 1824இல் ஒன்பதாவது சிம்பொனியிலும் அதைச் சேர்த்தார்கள்.

அந்த ஆரம்ப கால டிரம் ஒல்லி அல்ல. பீப்பாய் மாதிரி நீளம். இங்கிலீஷ்காரர்கள் 'லாங் டிரம்' என்றே சொன்னார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அணிவகுப்பில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு கையையும் அகல விரித்தால்தான் இரண்டு முகமும் எட்டும். அதனால் 19ஆம் நூற்றாண்டில் விட்டம் பெரிதாகவே இருக்க, ஆழம் மட்டும் குறைந்துகொண்டு வந்தது. ஆழம் குறைந்தால் எடை குறையும், கை வலிக்காது. டிரம் ஒல்லியானது நடக்கிறவனுக்காக.

கும்பினிப் பட்டாளத்தோடு இந்த வாத்தியம் சென்னைக் கோட்டைக்கு வந்தது. அதற்கும் நம் காஞ்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு. முத்துஸ்வாமி தீட்சிதர் இளம் வயதில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தார். அவர்கள் குடும்பத்தை ஆதரித்த மணலி முதலியார் வழியாகக் கோட்டை பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த இங்கிலீஷ் மெட்டுகளை வைத்து சமஸ்கிருதத்தில் எழுதியவைதான் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். நாற்பதுக்குப் பக்கம் இருக்கும், எல்லாம் சங்கராபரணம். ராஜாவை வாழ்த்தும் இங்கிலீஷ்காரர்களின் தேசிய கீதமே அவர் கையில் அம்பாள் பாட்டாக மாறியது. பின்னாளில் உபநிஷத் பிரம்மேந்திரர் அழைப்பின் பேரில் தீட்சிதர் காஞ்சியில் சில ஆண்டுகள் தங்கினார். நோட்டுஸ்வரங்களில் நம் ஏகாம்பரநாதர் மேலும் ஒன்று உண்டு. சன்னதித் தெருவில் யாராவது அதைப் பாடினால், அதற்கு அடியில் அந்தக் காலத்துப் பட்டாள டிரம் ஒன்று நடந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக்காலம் 1798 முதல் 1832 வரை) அரண்மனையிலேயே மேல்நாட்டு வாத்தியங்களுக்கு இடம் கொடுத்தார். அப்படிப் பட்டாளத்திலும் அரண்மனையிலும் இருந்த பேண்டு மெல்லத் தெருவுக்கு இறங்கியது. வடக்கே மீரட்டில் ஜாலி கோட்டி என்ற பகுதி முழுக்கப் பேண்டு வாத்தியம் செய்யும் பட்டறைகள். அங்கே நாதிர் அலி கம்பெனி 1885இல் தொடங்கியது. இந்தியக் கல்யாண பேண்டுகளைப் பற்றி கிரெகரி பூத் என்ற ஆக்லாந்து பேராசிரியர் 2005இல் 'பிராஸ் பாஜா' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

பேண்டோடு வந்த வாத்தியங்களில் கிளாரினெட்டுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. சதிர்க் கச்சேரிக்குள் போனது, பிறகு ஏ.கே.சி. நடராஜன் அவர்கள் கையில் கச்சேரி மேடையே ஏறியது. பெரிய டிரம்முக்கு அப்படி ஒரு வழி திறக்கவில்லை. அது தெருவிலேயே நின்றுவிட்டது.

அதை அடிக்க வந்தவர்களில் பலர் பறை அடித்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சாவு வீட்டில் பறை அடித்தே ஆக வேண்டும் என்று ஊர் வைத்திருந்த கட்டாயத்தை மறுத்து, 'இனி அடிக்க மாட்டோம்' என்று நின்றவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊரில் உண்டு. பேண்டில் சேர்ந்தால் சட்டை உண்டு, தொப்பி உண்டு, காலில் பூட்ஸ் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் நடக்கலாம். ஆனால் எங்கள் சத்திரத்துச் சமையற்கட்டு வாசலில் அந்தத் தொப்பிக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதை மேலே எழுதிவிட்டேன்.

பறைக்காரர்கள் கொண்டுவந்த அறிவுதான் தோலைக் காய்ச்சுவது. வைக்கோலையோ தாளையோ கொளுத்தி, தோலை நெருப்புக்குக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பதம் பார்ப்பார்கள். இதற்கு நேர் எதிர் கஞ்சிரா. அதுவும் ஒல்லி வாத்தியம்தான். உடும்புத்தோல். அதைத் தண்ணீர் தொட்டுத் தளர்த்தினால்தான் அந்தக் கனத்த 'கும்காரம்' வரும். மான்பூண்டியா பிள்ளை அதைக் கச்சேரி வாத்தியமாக்கினார். அவர் சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. நம் ஊர் நாயனாப் பிள்ளை (1889–1934) மேடையில் மிருதங்கம், கஞ்சிரா, கடம் என்று லய வாத்தியங்களை வரிசையாக உட்கார வைத்துப் பாடுவார், அதை 'ஃபுல் பெஞ்ச்' என்பார்கள். ஒருவர் தண்ணீர் தொட்டுக்கொள்கிறார், ஒருவர் நெருப்பு கேட்கிறார். இரண்டும் ஒரே வித்தைதான். மேடையில் கேட்டால் தண்ணீர்க் கிண்ணம் ஓடிவரும். தெருவில் கேட்டால் 'அந்தாண்ட போ.'

மேல்நாட்டிலும் இந்தத் தோல் கஷ்டம் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் பட்டாள டிரம்மைத் தரையில் நிறுத்திக் காலால் மிதித்து அடிக்க 1909இல் லுட்விக் என்பவர் ஒரு நல்ல பெடல் செய்தார். அதிலிருந்துதான் ஒருவரே உட்கார்ந்து எல்லா டிரம்மும் அடிக்கும் ஜாஸ் செட் வளர்ந்தது. கன்றுத்தோல் ஈரத்தில் தளராமல் இருக்க 1920களில் அவர்கள் பெரிய டிரம்முக்குள் மின்சார பல்பு ஒன்றை எரியவிட்டார்கள். அதன் சூட்டில் தோல் விறைப்பாக நிற்கும். முன்தோலில் ஏதாவது படம் வரைந்திருந்தால் வெளிச்சத்தில் அழகாகத் தெரியும். படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. எங்கள் டிரம்காரர் கேட்டது ஒரு சட்டிக் கரி நெருப்பு. 1957இல் ரெமோ பெல்லி என்பவர் மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தில் தோல் செய்து விற்கத் தொடங்கினார். அத்தோடு அங்கே பல்பும் போயிற்று, கன்றுத்தோலும் மெல்லப் போயிற்று. நம் ஊருக்கு அது வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது.

1988 என்று நினைவு. சங்கத்து வேலையாகப் போகும் வழியில் ஒரு வேப்பமரத்தடியில் அதே டிரம்காரரைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. முன்னால் அந்த ஒல்லி டிரம். புதுத்தோல் மாற்றிக்கொண்டிருந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னை அடையாளம் தெரியவில்லை. "என்ன தம்பி, பேண்டு புடிக்கணுமா?" என்றார். இல்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன். என் பையில் இருந்த டேப்பால் டிரம்மை அளந்தேன். விட்டம் 26 அங்குலம், ஆழம் 10 அங்குலம்.

அவர் கை வேலையை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு போனார். தோலை ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும். வளையத்தில் சுருட்டிச் சொருகி நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் விளிம்பில் வெடிக்கும். அடிக்கிற பக்கத்துக்குத் தடித்த தோல், மறுபக்கத்துக்கு மெலிசு. நட்ட நடுவில் அடித்தால் சத்தம் செத்துப்போகும், நாலு விரல் தள்ளி அடிக்க வேண்டும். இடது உள்ளங்கையைப் பின்தோலில் வைத்து எடுத்தால்தான் ஒரு அடியும் அடுத்த அடியும் கலங்காது. தோல் கொஞ்சம் தளர்ந்த நாளில் ஓரமாக அடித்துச் சமாளிக்கலாம். வேலை முடிந்ததும் கயிற்றைத் தளர்த்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நடக்கும்போது டிரம் மறைப்பதால் சொந்தக் கால் தெரியாது. சாணியோ பள்ளமோ, முன்னால் போகிற ஆளின் காலைப் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும்.

கடைசியில் நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். மழையில் தோல் தளர்ந்தால் கயிற்றை இழுத்துக் கட்டினால் என்ன?

"கட்டலாம் தம்பி. அப்ப நல்லாத்தான் கேக்கும். காலையில காத்து காய்ஞ்சதும் தோலு தானா இறுகும் பாருங்க, அப்ப வளையத்தோரம் பிளந்துடும். மறுநாள் முகூர்த்தத்துக்கு என்னத்தை அடிக்கிறது? தோலு வாங்கணும்னா நாலு கல்யாணக் கூலி. அதனால மழையில எவன் சொன்னாலும் கயித்துல கை வைக்க மாட்டேன்."

அன்று ராத்திரி அவர் செய்தது திமிர் அல்ல என்பது பதினாறு வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலை அக்கா கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் வாசலில் அந்த டிரம் கணீரென்று முழங்கியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெயில் வந்துவிட்டிருந்தது. அதை யாரும் கவனித்துப் பத்து ரூபாய் திருப்பித் தரவில்லை.

சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்து, விஷயத்தைச் சொல்லி நீட்டினேன். அவர் யோசித்துப் பார்த்தார். "பிள்ளையார்பாளையத்துல பண்ணாத கல்யாணமா? மழை நாள்னா எல்லா எடத்துலயும் புடிப்பாங்க. நீங்க ஒருத்தரா?" என்றார். பிறகு நோட்டை வாங்கி, பக்கத்தில் இருந்த பையனிடம் கொடுத்து எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னார். எனக்கும் ஒரு டீ வந்தது. குடித்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அப்போது அவருக்குக் கண் பார்வை குறைந்து தறியில் உட்காருவதை விட்டிருந்தார். ஈரம், தோல், கயிறு என்று நான் விளக்கிக்கொண்டே போக, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஈரத்துல தோலு தளரும்னு ஒரு தறிக்காரனுக்கு நீ சொல்லித் தரணுமாடா? எனக்கு அன்னைக்கே தெரியும். சம்பந்தி முன்னாடி நின்னேன்."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முதலாளிக்கும் மழை தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாருக்கும் தெரியாமல் நடப்பதில்லை எந்தப் பிடித்தமும்.

இன்று பிளாஸ்டிக் தோலைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த நாசிக் டோல் பையன்கள் நெருப்பு கேட்டு யார் சமையற்கட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. மழை என்று சொல்லி அவர்கள் கூலியில் யாரும் கை வைக்க முடியாது. அது நல்லதுதான். ஆனால் தோல் டிரம்மில் ஒவ்வொரு நாளும் ஒரு குரல் இருந்தது. மார்கழிப் பனியில் ஒன்று, சித்திரை வெயிலில் ஒன்று. கருட சேவை அன்று விடியற்காலையில் கங்கைகொண்டான் மண்டபத்துப் பக்கம் கேட்டதற்கும், வெயில் ஏறிய பிறகு கேட்டதற்கும் வித்தியாசம் தெரியும். திண்ணையில் படுத்தபடியே, 'இன்னைக்கு மழை வரும் போல, டிரம் சொரசொரன்னு கேக்குது' என்று எங்கள் பாட்டி சொல்லுவாள். பெரும்பாலும் வந்தது.

கல்யாணத்திலிருந்து வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பச்சை அட்டை நோட்டை எடுத்தேன். 'பேண்டு 70. பிடித்தம் 10.' அதற்குக் கீழே வேறு மையில் நானே 1988இல் எழுதி வைத்தது: 'பிடித்தம் 10 திருப்பிக் கொடுத்தது. டீக்குச் செலவு.' கணக்கு நேராகிவிட்டது. கணக்கில் மட்டும்.